சைகோன் தாவூதும் முறிந்த புஷோனும்

"பிரெஞ்சுக்காரன் மரையா இருந்தா என்ன, இங்கிலீஷ்காரன் மரையா இருந்தா என்ன? ரெண்டும் இந்தக் கைக்கு ஒண்ணுதான். நான் முடுக்குனேன்னா கியாமத்து நாள் வரைக்கும் அசையாது."

காரைக்கால் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, சுப்ராயன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, 1953ஆம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் தாவூது பாய் உலகத்துக்கு இப்படி அறிவித்தார். அறிவிக்கும்போது வலது கையை உயர்த்திக் காட்டினார் என்றும், அந்தக் கையில் பாதி கடித்த மசால் வடை இருந்தது என்றும் அன்று கடையில் இருந்தவர்கள் சொல்கிறார்கள். வடையை வைத்து அந்த வார்த்தையின் கனத்தைக் குறைத்துவிடக் கூடாது. திருகாணி மரையை இங்கிலீஷ்காரன் அங்குலத்திலும், அதில் எட்டில் ஒரு பங்கான நூலிலும் அளப்பான். பிரெஞ்சுக்காரன் மில்லிமீட்டரில் அளப்பான். இருவரும் எத்தனையோ சண்டை போட்டு, எத்தனையோ ஒப்பந்தம் எழுதி, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ராசியாகவே இல்லை. அந்தச் சமரசத்தைத்தான் தாவூது பாய் தனி ஆளாக, டீ ஆறுவதற்குள் முடித்து வைத்தார்.

அந்தக் கை சாதாரணக் கை அல்ல. சின்ன வயதில் தாய்மாமன் துணிக்கடையில் நிற்பதற்காகச் சைகோனுக்குக் கப்பலேறிய கை அது. மூன்றாம் மாதமே முழக்கோலைப் போட்டுவிட்டு, ஒரு வெள்ளைக்காரர் நடத்திய கார் பட்டறையில் போய்ச் சேர்ந்தது. எட்டு வருஷம் அங்கே இருந்தது. அதில் ஆறு வருஷம் வெறுமனே கார் கழுவியது என்று சைகோனிலிருந்து திரும்பிய வேறு சிலர் சொல்வதுண்டு. அவர்கள் பொறாமைக்காரர்கள். பிறகு ஊர் திரும்பி, நாகப்பட்டினத்தில் ஒரு லாரி ஷெட்டில் கொஞ்ச காலம் இங்கிலீஷ் எஞ்சின்களோடு பழகிவிட்டு, காரைக்காலில் தன் வீட்டுக் கொல்லையில் தகரக் கூரை போட்டுப் பட்டறை வைத்தது. ஊரில் அவருக்குப் பெயர் 'சைகோன் தாவூது'. நாகப்பட்டினத்தை யாரும் பெயரோடு சேர்க்கவில்லை. அது பக்கத்து ஊர், அதில் பெருமைக்கு ஒன்றுமில்லை.

சைகோன் ஸ்பானர், நாகப்பட்டினத்து ஸ்பானர், பிரெஞ்சு நட்டு, இங்கிலீஷ் போல்ட்டு, எல்லாமே ஒரே பெரிய பிஸ்கட் டின்னில் கிடந்தன. அவருடைய மனைவி அஜீசுன்னிசா ஒரு தடவை கேட்டும் பார்த்தார்.

"ஏங்க, இதையெல்லாம் பிரிச்சு வச்சா என்ன? நான் பச்சரிசிய ஒரு பானையிலயும் புழுங்கரிசிய ஒரு பானையிலயும்தானே வச்சிருக்கேன்?"

"அது சமையல். இது தொழில்" என்றார் தாவூது பாய். அதற்கு மேல் விளக்கம் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை.

இனி 1955, மாசி மாதம். கொடி மாறி நாலு மாதம் ஆகியிருந்தது. பிரெஞ்சுக் கொடியை இறக்கினார்கள், இந்தியக் கொடியை ஏற்றினார்கள், எல்லையில் சோதனை போட்டுக்கொண்டிருந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். ஊரிலிருந்த கார்களுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை. அவை பிரெஞ்சாகவே ஓடிக்கொண்டிருந்தன, அல்லது பிரெஞ்சாகவே நின்றுகொண்டிருந்தன.

நின்றுகொண்டிருந்தவற்றில் ஒன்று திருஞானசம்பந்தத்தின் கார். சைகோன் கோர்ட்டில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர் அவர். ஊரே அவரைப் பிரெஞ்சு மரியாதையோடு 'முசியே' என்றுதான் கூப்பிட்டது. ஊர் திரும்பும்போது 1936 மாடல் கறுப்புக் காரையும், ஒரு பழக்கத்தையும் கூடவே கப்பலில் கொண்டுவந்தார். பழக்கம் என்னவென்றால், எது நடந்தாலும் அதை 'ப்ரொசே வெர்பால்' என்று தலைப்புப் போட்டுக் காகிதத்தில் பதிவு செய்வது. பாலில் தண்ணீர் இருந்தால் ஒரு ப்ரொசே வெர்பால். காக்கை அப்பளத்தைத் தூக்கிக்கொண்டு போனதற்கு ஒரு ப்ரொசே வெர்பால், இரண்டு நகல்.

பெட்ரோலுக்கு வழியில்லாத எல்லைக் கெடுபிடிக் காலம் முழுக்க அந்தக் கார் செங்கல்மேல் உட்கார்ந்திருந்தது. தை மாதம்தான் அதை இறக்கினார்கள். ஓட்டுவதற்குச் சுரக்குடியிலிருந்து இளையபெருமாள் வந்தார். நாற்பது வயது, நாலு பிள்ளைகள், நெல் மில் லாரி ஓட்டிய அனுபவம். முசியே அவருக்கு ஒரு காக்கிச் சட்டை தைத்துக் கொடுத்தார், அதற்கும் ஒரு பதிவு எழுதிக்கொண்டார்.

ஒரு நாள் காலை எட்டு மணிக்கு அந்தக் காக்கிச் சட்டை தாவூது பாய் பட்டறைக்குள் ஓடி வந்தது.

"பாய், குடி முழுகிப் போச்சு! தலை கையோட வந்துடுச்சு!"

தாவூது பாய் எழுந்தே விட்டார். "யா அல்லா! யாரு தலை?"

"போல்ட்டுத் தலை பாய். காருக்கு அடியில, எஞ்சின் எண்ணெய வடிக்கிறதுக்கு இருக்கே, ட்ரெயின் பிளக்கு. எண்ணெய் தாராட்டம் கறுத்துப் போச்சு, மாத்துன்னாங்க முசியே. லாரி ஸ்பானரப் போட்டேன், கச்சிதமா உக்காந்துச்சு. லேசாத்தான் திருப்புனேன். டக்குன்னுது. தலை ஸ்பானரோட வந்துடுச்சு, உடம்பு உள்ளயே நிக்குது."

"புஷோன்னு சொல்லு" என்றார் தாவூது பாய், நிம்மதியாக மறுபடி உட்கார்ந்து. "பிரெஞ்சு வண்டியில ட்ரெயினும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது."

லாரி ஸ்பானர் ஒரு பிரெஞ்சுத் திருகில் எப்படிக் கச்சிதமாக உட்கார்ந்தது என்ற கேள்வியை அந்த இடத்தில் ஒரு நிபுணர் கேட்டிருக்க வேண்டும். நிபுணர் அப்போது வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

முசியேயின் வீட்டுக் கார் கொட்டகையில் விசாரணை ஏற்கனவே ஆரம்பமாகியிருந்தது. ஒரு சின்ன மேஜை, மைக்கூடு, காகிதம், அதன்மேல் பறக்காமல் இருக்க ஒரு கல். முசியே கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாய்யா தாவூது. இந்த வழக்குல நீதான் எக்ஸ்பேர். அதாவது நிபுணர். முறிஞ்ச துண்டை வெளியில எடுக்குற. பாக்குற. யார் கையால முறிஞ்சுதுன்னு சொல்ற. நான் எழுதுறேன். இவர் கையாலன்னா இன்னியோட இவர் சட்டையக் கழட்டி வச்சுட்டுச் சுரக்குடிக்கு நடக்கலாம்."

"முரட்டுத்தனமா திருப்பலங்க முசியே" என்றார் இளையபெருமாள்.

"இரும்பு தன்னால முறியுமா? நீயே சொல்லு தாவூது."

தாவூது பாய் கொட்டகையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். மேஜை, மை, காகிதம். தன் வார்த்தை எழுத்தில் ஏறப்போகிறது என்பது அவருக்குப் புரிந்தது. சைகோனில்கூட இது நடந்ததில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தெரியாதவன் கை பட்டாத்தான் முசியே புஷோன் முறியும். மரை தெரிஞ்ச கை பட்டா முறியாது."

முசியே பேனாவை மையில் தோய்த்து, அதை அப்படியே எழுதிக்கொண்டார். இளையபெருமாள் காருக்கு அடியில் விரிக்க ஒரு சாக்கை உதறிக்கொண்டு வந்தார்.

தாவூது பாய் 'பிஸ்மில்லா' சொல்லிக் காருக்கு அடியில் போனார். மல்லாந்து படுத்து, லாந்தரைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். எண்ணெய்த் தொட்டியின் அடிவயிற்றில், ஓட்டைக்குள்ளே, விளிம்போடு விளிம்பாக முறிந்திருந்தது துண்டு. பிடிக்கத் தலை இல்லை, கழுத்தும் இல்லை. கோழி இறகில் மண்ணெண்ணெய் தொட்டுச் சுற்றிலும் தடவினார். ஊறட்டும் என்று ஒரு வெற்றிலை நேரம் காத்திருந்தார். பிறகு உளியை ஓரத்தில் சாய்த்து வைத்து, கழலும் பக்கமாகச் சுத்தியலால் தட்டினார். தட்டத் தட்டத் தாவூது பாயின் பல்லெல்லாம் ஆடியது, துண்டு ஆடவில்லை.

"சூடு காட்டிப் பாப்பமா பாய்?" என்றார் இளையபெருமாள், பக்கத்தில் குந்தி உட்கார்ந்து.

"சூடா! எண்ணெய்த் தொட்டியில நெருப்பா!" என்று மேஜைப் பக்கமிருந்து முசியே எழுந்தார்.

"நெருப்பு வேணாம். எஞ்சின ஓட விடு. அதுவே சூடாகும்" என்றார் தாவூது பாய்.

எஞ்சின் பத்து நிமிஷம் ஓடியது. அணைத்துவிட்டு மறுபடி தட்டினார். அசையவில்லை. இப்படி ஒரு இறுக்கத்தை அவர் ஆயுளில் பார்த்ததில்லை. "எந்தப் படுபாவி இதை இப்படி முடுக்குனான்?" என்று காருக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

இனி துளை போடுவதுதான் வழி. துண்டின் நடுவில் ஒரு புள்ளி தட்டி, கை டிரில்லை வைத்து, கீழிருந்து மேலாக நெஞ்சால் தள்ளிக்கொண்டே சுற்றினார். அந்த வேலையை மல்லாந்து படுத்துச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். இரும்புத் தூள் கண்ணிலும் மூக்கிலும் விழுந்தது. லாந்தரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இளையபெருமாள் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார்.

"தை அறுப்பும் முடிஞ்சு போச்சு பாய். இனிமே தண்ணி வந்து நடவு ஆரம்பிக்கிற வரைக்கும் ஊர்ல ஒரு வேலை கிடையாது. மில்லுலயும் வேற ஆள் போட்டுட்டாங்க."

தாவூது பாய் டிரில்லைச் சுற்றிக்கொண்டே இருந்தார். வாயைத் திறந்தால் இரும்புத் தூள் போகும். அது ஒரு வசதியாகவும் இருந்தது.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் டிரில் சட்டென்று உள்ளே இறங்கியது. இரண்டு வருஷத்து எண்ணெய் வெதுவெதுப்பாகத் துளை வழியே இறங்கி, நிபுணரின் தாடியில் நேராக விழுந்தது. வாளியை வைப்பதற்குள் தாடி கால்வாசி நரையை இழந்து இளமை திரும்பியிருந்தது.

எண்ணெய் முழுக்க வடிந்ததும் பழைய அரம் ஒன்றின் வாலை, அந்த நாலு பட்டை வாலை, துளைக்குள் அடித்து ஏற்றினார். அதில் ஸ்பானரை மாட்டினார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு திருப்பினார். முதல் தடவை ஒன்றுமில்லை. இரண்டாம் தடவை ஒன்றுமில்லை. மூன்றாவதில், பூட்டிய வீட்டுக் கதவு திறப்பதுபோல ஒரு கிறீச்.

"வருது! வருது!"

"முருகா!" என்றார் இளையபெருமாள்.

"ப்ராவோ!" என்றார் முசியே.

"அல்ஹம்துலில்லா" என்று தாவூது பாய் கண்ணை மூடிக்கொண்டார். ஒரே கொட்டகையில் ஒரே நேரத்தில் மூன்று பாஷையில் மூன்று பெருமூச்சு வந்தது. காரைக்காலில்தான் இது சாத்தியம்.

மரை மரையாக முனகிக்கொண்டு துண்டு இறங்கி, தாவூது பாயின் உள்ளங்கையில் விழுந்தது. வெற்றிப் பொருளைச் சட்டை ஓரத்தில் துடைத்து, லாந்தரில் காட்டிப் பார்த்தார்.

மரையின் பள்ளத்தில் ஒரு பச்சைப் பட்டு நூல் சுற்றியிருந்தது.

தாவூது பாய்க்கு ஞாபகசக்தியில் குறைவில்லை. ஞாபகம் வரத் தேவையில்லாத விஷயங்கள் அவருக்கு வராது, அவ்வளவுதான். இப்போது அது தேவையைக் கேட்காமலே வந்தது.

1953. முசியே பென்ஷன் விஷயமாகப் புதுச்சேரிக்குப் போயிருந்தார். காருக்கு எண்ணெய் மாற்றிவைக்கச் சொல்லியிருந்தார். பிஸ்கட் டின்னில் கைக்கு வந்த ஸ்பானரை அசல் புஷோனில் போட்டுத் திருப்ப, அது இங்கிலீஷ் ஸ்பானராக இருந்து, புஷோனின் ஆறு மூலையும் வழித்துக்கொண்டு உருண்டையாகிவிட்டது. போகட்டும் என்று அதை டின்னில் எறிந்துவிட்டு, அதே டின்னிலிருந்து கிட்டத்தட்ட அதே பருமனில் ஓர் அஞ்சு நூல் லாரி போல்ட்டை எடுத்து அளவுக்கு வெட்டினார். மூன்று சுற்று விருந்தாளிபோல உள்ளே போனது. நாலாவது சுற்றில் முரண்டு பிடித்தது. மரையும் மரையும் கடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, 'ஆகா, என்ன பிடிமானம்!' என்று பூரித்துப் போனார். ஒழுகாமல் இருக்க, வீட்டில் கிடந்த பட்டு நூலைச் சுற்றி, ஸ்பானருக்கு மேல் ஒரு குழாயையும் மாட்டி, முழு பலத்தோடு முடுக்கினார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு டீ சாப்பிடக் கிளம்பினார். அன்று வெள்ளிக்கிழமை.

அவர் காருக்கு அடியிலேயே கிடந்தார். அங்கிருந்து இளையபெருமாளின் கால் மட்டும் தெரிந்தது. கால் அந்தப் பக்கம் போனது. காக்கிச் சட்டையைக் கழற்றி, மடித்து, காரின் மிதிபலகைமேல் வைத்துவிட்டு நின்றது.

"தாவூது, எழுதலாமா?" என்றார் முசியே.

"இருங்க முசியே. ஓட்டைக்கு வேற புஷோன் பாக்கணும். வீடு வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்."

நடக்கும்போது கணக்குப் போட்டுப் பார்த்தார். இரும்பு பழசு என்று சொல்லலாம். துரு என்று சொல்லலாம். துண்டு வாய்க்காலில் விழுந்துவிட்டது என்றும் சொல்லலாம், வாய்க்கால் பக்கத்திலேயே இருக்கிறது. நிபுணர் சொன்னால் மறுக்க யார் இருக்கிறார்கள்?

பட்டறையில் பிஸ்கட் டின்னைத் தரையில் கவிழ்த்தார். சத்தம் கேட்டு அஜீசுன்னிசா வந்து எட்டிப் பார்த்தார்.

"இதென்ன கோலம், தாடியெல்லாம்? கையில என்ன?" கிட்ட வந்தவர் குனிந்து பார்த்து நிமிர்ந்தார். "இது என் பச்சை நூலாச்சே! பூ வேலை செய்யன்னு வாங்கி வச்சிருந்த நூலு!"

"அப்படியா?" என்றார் தாவூது பாய்.

"அப்படியாவா? பக்கத்து வீட்டு ஷரீபுன்னிசாதான் எடுத்துட்டான்னு ரெண்டு வருஷமா அவகிட்ட முகம் குடுத்துப் பேசல நான். பெருநாளைக்கு அவ குடுத்துவிட்ட ஆட்டிறைச்சியத் திருப்பி அனுப்புனேன். நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க? வாயத் திறந்தீங்களா?"

தாவூது பாய் அன்று வாயைத் திறக்கவில்லை என்பது உண்மை. நல்ல இறைச்சி திரும்பிப் போகிறதே என்று மட்டும் வருத்தப்பட்டார்.

"நான்தான் எடுத்தேன்" என்றார் இப்போது.

அஜீசுன்னிசா அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை ப்ரொசே வெர்பாலில் எழுத இரண்டு நகல் போதாது. பிறகு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுப் படியை நோக்கி விறுவிறு என்று நடந்தார். கொஞ்ச நேரத்தில் அங்கே இரண்டு பெண்கள் ஒரே சமயத்தில் பேசும் சத்தமும், அதற்கப்புறம் சிரிப்பும் கேட்டது. சிரிப்பு யாரைப் பற்றி என்பதில் தாவூது பாய்க்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் நெஞ்சிலிருந்து ஏதோ ஒரு கனம் இறங்கியதுபோல இருந்தது. துளை போட்டதும் எண்ணெய் வடிந்ததே, அந்த மாதிரி.

கவிழ்த்த குவியலில் அசல் புஷோன் கிடைத்தது. மூலை மழுங்கியிருந்தாலும் மரைக்குப் பழுதில்லை. வைஸில் இறுக்கி, ஸ்பானர் பிடிக்கும்படி பக்கங்களை அரத்தால் ராவிப் பட்டை போட்டு எடுத்துக்கொண்டு திரும்பினார்.

மறுபடி காருக்கு அடியில். லாரி போல்ட்டு கடித்த இடத்தில் முதல் இரண்டு சுற்று நெருடியது. அதற்கப்புறம் இரண்டு விரலால் திருப்பத் திருப்ப வழுக்கிக்கொண்டு போனது. குழாய் வேண்டியிருக்கவில்லை. மூச்சுப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. இத்தனை லேசாகப் போகுமா ஒரு மரை என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. கடைசியில் ஸ்பானரால் ஓர் அழுத்து. புது எண்ணெய் ஊற்றினார்கள், எஞ்சினை ஓட்டினார்கள். இளையபெருமாள் வெற்றுடம்போடு தரையில் படுத்து அடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்துப் பார்த்தார். கால் மணி நேரம் ஓடியும் காகிதத்தில் ஒரு சொட்டு இல்லை.

"ஒழுகல முசியே" என்றார். வேலை போகப்போகிறவர் என்று அந்தக் குரலில் தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

முசியே காலையில் எழுதிய காகிதத்தை எடுத்தார். "சரி. நிபுணர் முடிவு. 'தெரியாதவன் கை பட்டு முறிந்தது'ன்னு முதல்லயே எழுதியிருக்கேன். கீழே இளையபெருமாள் பேரைப் போட்டு முடிச்சுடலாமா?"

தாவூது பாய் மேஜைக்கு வந்தார். பையிலிருந்து முறிந்த துண்டை எடுத்து, காகிதத்தின்மேல், எழுத்தில் எண்ணெய் படாமல் தள்ளி வைத்தார்.

"எழுதுனது சரிதாங்க முசியே. ஆளத்தான் மாத்தணும்."

"என்ன சொல்ற?"

"தெரியாத கை என்னுது."

இதை அவர் சொன்ன சத்தம் மேஜைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. முசியே காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு முன்னால் குனிந்தார். "சத்தமாச் சொல்லு. எழுதணும்ல."

தாவூது பாய் துண்டை விரலால் உருட்டிக் காட்டினார்.

"இது இங்கிலீஷ் மரை. வண்டி ஓட்டை பிரெஞ்சு. ரெண்டும் ஒண்ணு இல்லீங்க. ரெண்டு வருஷத்துக்கு முந்தி நான்தான் இதைக் குழாய் போட்டு ஏத்துனேன். இளையபெருமாளு தொட்டதும் முறிஞ்சுது, அவ்வளவுதான். தொடாட்டியும் முறிஞ்சிருக்கும்."

பேனா காகிதத்தைக் கீறத் தொடங்கியது. முசியே நடுவில் நிறுத்தி, "தாவூதுன்னு பிரெஞ்சுல எழுத 'ஓ' போட்டு 'யு' போடணுமா, வெறும் 'யு' போதுமா?" என்று கேட்டார்.

"ரெண்டையும் போட்டுடுங்க முசியே" என்றார் தாவூது பாய். பேனா அதை எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மிதிபலகையிலிருந்த காக்கிச் சட்டையை எடுத்து, எண்ணெய்க் கை படாமல் கழுத்துப் பட்டையை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, இளையபெருமாளிடம் நீட்டினார்.